ஆகாயக் கப்பலுக்கு வைத்த சந்தனம்

வளைந்த ஊசி துணிக்குள் இறங்கி, மரச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் மூக்கை நீட்டியது. அய்யாவு அதைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். நூலை மறுபடியும் தேன்மெழுகில் தேய்த்தார். மெழுகு ஏறாத நூல் ஜோகூர் மழைக்குத் தாங்காது, ஊறி இற்றுப்போகும். தையல் ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தால் மற்றது பிடித்துக்கொள்ள வேண்டும். புண்ணுக்குத் தையல் போடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். தோலானாலும் இறக்கைத் துணியானாலும் கிழிகிற விதம் ஒன்றுதான்.

கிழித்தது ஓர் ஆடு. முனியாண்டி கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு அது. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்ததால் தோட்டத்தில் எவரும் அதை அடிப்பதில்லை, விரட்டுவதுகூட இல்லை. அது நினைத்த இடத்தில் மேயும். அன்று கொட்டகைக்குள் நுழைந்து, துரையின் ஆகாயக் கப்பலில் கொம்பைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தது.

அய்யாவு தைத்து முடித்து, துணியை முரசுத் தோல்போல இறுக்கும் மருந்தைப் பூசினார். அழுகிய வாழைப்பழ வாசனை கொட்டகையை நிறைத்தது. அந்த வாசனை அவருடைய சட்டையிலிருந்து போனதே இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர் வருவதை, ஆள் தெரிவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்.

சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. தோட்டத்துத் துரை இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றை, லயத்தார் சொல்லும் ஆகாயக் கப்பலை, சிங்கப்பூரில் வாங்கி, பந்து விளையாடும் திடலை நீட்டிச் சமப்படுத்தி, அதில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள அவர் வைத்த ஆள்தான் அய்யாவு.

அய்யாவு அந்தத் தோட்டத்துக்கு வந்தது ஐந்து வயதுப் பிள்ளையாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில். தகப்பனை மலேரியா கொண்டுபோனது. மீசை முளைக்கும் முன்பே ஸ்டோரில், அதாவது ரப்பர் ஷீட் போடும் ஆலையில், ஆயில் எஞ்சின் துடைக்கும் வேலை. சூடான குழாயில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டு, எது சுடும் எது சுடாது என்று தெரிந்துகொண்டார். வாலிபத்தில் சிங்கப்பூருக்குப் போய் மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்தார். அங்கிருந்து ஆகாயக் கப்பல் எஞ்சின்கள் பிரிக்கிற பட்டறைக்கு மாறினார். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அங்கேதான் கற்றார். நெளிந்த சட்டத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவர் என்று பெயர் வாங்கியிருந்தபோது துரை கூப்பிட்டார். மனைவி கருப்பாயிக்கும் சிங்கப்பூர் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவே அவர் ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். பொந்தியான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எஞ்சின் ஓட்டுகிறவர் ஒருவர் கையை இழந்தார். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்குத் தமிழ்தான் தெரியும், புத்தகத்துக்கோ தமிழ் தெரியாது. இரண்டில் ஒன்று கற்றுக்கொண்டாக வேண்டும் என்று சொல்லி அய்யாவு உட்கார்ந்து எழுதினார். ஜோகூர் பாருவில் சிறிய அச்சுக்கூடம் வைத்திருந்த நஜ்முதீன் பாய் அதை அச்சிட்டார். அடுப்பங்கரைத் தமிழில் எழுதிய மெலிந்த புத்தகம். தோட்டத்துக்குத் தோட்டம் அது எண்ணெய்க் கறையோடு கைமாறிப் போனது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி கனகராஜுக்கு இது பொறுக்கவில்லை. மேஜையும் பேனாவும் அவருடையவை. புத்தகம் எழுதுவது மட்டும் எப்படி எஞ்சின் துடைத்தவன் கைக்குப் போனது?

"என்ன புலவரே, இந்த வாரம் எந்த நட்டுக்குப் பாட்டு?" என்று பெரட்டில், காலைப் பேர் கூப்பிடும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் கேட்பார்.

"பாட்டு இல்லைங்க கிராணி. உங்க மோட்டார் சைக்கிள் நடுரோட்டுல நின்னுச்சே, அதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். படம்கூட உண்டு," என்பார் அய்யாவு.

இரண்டாவது புத்தகம் ஆகாயக் கப்பலைப் பற்றியது. சிங்கப்பூரில் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. இறக்கை துடைக்கவும் துணி தைக்கவும் தமிழர்கள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு தாளும் இல்லை. அதற்காகத்தான் எழுதினார். எழுதியதை மாலையில் கருப்பாயிக்குப் படித்துக் காட்டுவார். அவள் குழம்புக்கு அரைத்துக்கொண்டே கேட்பாள். புரியவில்லை என்றால் அம்மிக்குழவியை நிறுத்திவிடுவாள். குழவி நின்ற இடமெல்லாம் மறுபடி எழுதப்பட்டது. காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்ற பகுதியில் குழவி பல நாள் நின்றது. கடைசியில் முறத்தைக் கையில் கொடுத்து, காற்றுக்கு எதிரே கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்ன பிறகே மறுபடி உருண்டது.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. ஸ்டோரில் எஞ்சினுக்கும் உருளைகளுக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. புல்வெட்டுப் பெண்களுக்குத் தலைவியான அங்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கறாரான பெண்பிள்ளை. அவள் வெட்டிய இடத்தில் லாலான் புல் மறுபடி முளைக்கப் பயப்படும் என்பார்கள்.

"தம்பி, ஸ்டோர் எஞ்சினுக்கு வெச்சாச்சு. துரையோட மோட்டார் காடிக்கு வெச்சாச்சு. இத மட்டும் விட்டா இது என்ன அநாதையா?"

அய்யாவு யோசித்தார். எண்ணெய்க் கை பட்டால் துணி கெட்டுவிடும். அது ஒன்றுதான் அவருக்குக் கவலை. "துணியத் தொடாதீங்கக்கா. இரும்பு, செம்பு எங்க இருக்கோ அங்க மட்டும் வைங்க," என்றார்.

அவர் சொன்ன சொல்லை அங்கம்மா மீறவில்லை. துணியில் ஒரு சொட்டும் படவில்லை. விசிறியின் நடுக் குமிழ், சக்கரத்து அச்சு, ஆணித் தலைகள் என்று உலோகமாகப் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்தாள். இடப்பக்கத்து இறக்கையைத் தாங்கும் கம்பில் செம்புக் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலும் அழகாக ஒரு பொட்டு.

அந்தக் குழாயின் நுனியில் காது குத்திய துளைபோல ஓர் ஓட்டை உண்டு. எதிர்க்காற்று அதற்குள் புகுந்து, உள்ளே ஓடி, ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் முள்ளைத் தள்ளும். வேகம் எவ்வளவு என்று முள் சொல்லும். வேகம் குறைந்தால் கப்பல் கல்லாக விழும். கூடினால் சிறிய திடலுக்குள் நிற்காது. அந்த ஓட்டையில் குளவி கூடு கட்டாதபடி தினமும் பார்க்கிறவர் அய்யாவு. சந்தனம் அவர் நினைப்பில் வரவில்லை. மறுநாள் காலை கப்பலை வெளியே தள்ளும்போது பொட்டுகளைப் பார்த்தார். வைத்த பொட்டைக் கையால் அழிக்கும் வழக்கம் கிடையாது. தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டார்.

துரை ஏறினார். ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்க வந்தபோதே வேகம் சரியில்லை என்று அய்யாவுக்குத் தெரிந்துவிட்டது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் துரை மிஞ்சிய வேகத்தோடு வந்தார். சக்கரம் தரையில் பட்டுத் துள்ளியது. திடல் முடிந்தது. கப்பல் பாரிட்டுக்குள், ஓரத்து வாய்க்காலுக்குள், தலைகுப்புற இறங்கியது.

அய்யாவு ஓடிப்போய் முதலில் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அடைத்தார். பிறகுதான் துரையைத் தொட்டார். தோள் எலும்பு முறிந்திருந்தது. கையைப் பிடித்து இழுக்க வந்தவர்களை ஓர் அதட்டல் போட்டு விலக்கி, ஒரு பெண்ணின் தலைத்துணியை வாங்கி, கையை மார்போடு சேர்த்துக் கட்டி, பலகையில் தூக்க வைத்தார். உடைந்ததை அசைக்காமல் இருப்பது பாதி வைத்தியம். அதைச் சரியாகவே செய்தார்.

எல்லோரும் போன பிறகு வாய்க்காலில் இறங்கி, செம்புக் குழாயைத் தடவினார். நுனியில் சந்தனம் சுண்ணாம்புக் காரைபோல இறுகியிருந்தது. நகத்தால் பெயர்த்து மோந்து பார்த்தார்.

மாலையில் கனகராஜ் தேடிவந்தார். கோவில் கமிட்டித் தலைவரும் அவர்தான். அய்யாவு வீட்டில் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. சந்தனத்தால் வந்தது என்று துரைக்குத் தெரிந்தால் தோட்டத்தில் இனிப் பூசையே இருக்காது என்று பயந்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"எஞ்சின் அடைச்சுக்கிச்சுன்னு சொல்லிரு. இல்லைன்னு சொல்ல எஞ்சினுக்கு வாயா இருக்கு?"

"எஞ்சினுக்கு இல்லைங்க. எனக்கு இருக்கு," என்றார் அய்யாவு.

மறுநாள் பங்களாவுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். துரை கட்டுப்போட்ட கையோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார். தோட்டத்துத் துரைமார் எல்லோரையும் போல அவருக்கும் வேலை வாங்குகிற அளவுக்குத் தமிழ் வரும். பொட்டு வைத்தது யார் என்று கேட்டார். அந்தப் பொம்பளையைத் தோட்டத்தை விட்டு அனுப்பு என்றார்.

"வெக்கச் சொன்னது நான். உலோகத்துல வைங்கன்னு இடம் காட்டினதும் நான். அந்த ஓட்டைய மூடி வெக்காததும் நான்," என்றார் அய்யாவு. அதோடு நிறுத்தியிருந்தால் வேலை தப்பித்திருக்கும். நிறுத்தவில்லை. "தரையில ஓடும்போதே முள் அசையலைன்னு துரை பாத்திருப்பீங்க. அப்பவே நிறுத்தியிருக்கலாம்."

துரையின் முகம் சிவந்தது. முள் அசையாததை அவர் பார்த்துத்தான் இருந்தார். அய்யாவு பழையபடி ஸ்டோர் எஞ்சினுக்குப் போகலாம் என்று துரை சொன்னார். ஸ்டோரிலும் கொட்டகையிலும் இனி எந்தக் காலத்திலும் பூசை கிடையாது என்றார். அங்கம்மாவைப் பற்றி மறுபடி பேசவில்லை. அவள் தோட்டத்தில் இருந்தாள். கப்பல் லாரியில் ஏறிச் சிங்கப்பூருக்குப் பழுது பார்க்கப் போனது.

அய்யாவு அங்கம்மாவின் வீட்டுக்குப் போனார். இதைப் புத்தகத்தில் எழுதப் போவதாகவும், அவள் பெயரைப் போட மாட்டேன் என்றும் சொன்னார். அவள் முறைத்தாள்.

"பேர் போடலைன்னா ஏதோ ஒரு கூலிக்காரி செஞ்சான்னுதானே இருக்கும்? அது எல்லா பொம்பளை தலையிலயும் விழும். என் பேரைப் போடு. ஆனா இன்னொண்ணையும் எழுது. அந்த ஓட்டையில நீ ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தா நான் அங்க கை வெப்பேனா? முனியாண்டி ஆட்ட எவனாச்சும் தொடுறானா?"

அய்யாவுக்குப் பட்டறை நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பட்டறையில் அந்தக் குழாய்க்குத் தோல் உறை மாட்டுவார்கள். அதை யாரும் கவனிக்கமாட்டார்கள், கழற்ற மறந்துவிடுவதும் உண்டு. தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கம்மா ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கொடியிலிருந்து உருவி, அங்கேயே கிழித்துக் கொடுத்தாள்.

அன்று எழுதிய பகுதியைக் கேட்டபோது கருப்பாயியின் குழவி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஓட்டை உள்ள ஒவ்வோர் இடத்திலும் சிவப்புத் துணி கட்டு, பூசை முடி, பிறகு துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கப்பலைக் கிளப்பு, துணி கையில் இல்லை என்றால் கிளப்பாதே. இதுதான் அதன் சாரம். தவறு யாருடையது, திருத்தம் யாருடையது என்பதும், முள் அசையாததைப் பார்த்தும் துரை பறந்ததும் அதில் இருந்தன.

அதற்குப் பிறகு அவர் ஸ்டோரில் எஞ்சின் ஓட்டினார். தோட்டத்துக்கு மேலே எப்போதாவது ஒரு கப்பல் சிங்கப்பூர்ப் பக்கம் பறந்து போகும். வெளியே வந்து நின்று, சத்தத்தை வைத்து அதற்கு என்ன குறை என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். சட்டையில் வாழைப்பழ வாசனை குறைந்துகொண்டே வந்தது. கருப்பாயி துவைக்கும்போது அதைக் கவனித்தாள். கொட்டகை வேலை திரும்பக் கிடைக்குமா என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

புத்தகம் அச்சாகும் வேளையில், சிம்பாங் ரெங்கம் சந்தியில் லாரி பிடித்து ஜோகூர் பாருவுக்குப் போனார். நஜ்முதீன் பாய் தாளை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த ஒரு பக்கத்துல துரைக்கும் கோவம் வரும், கோவிலுக்கும் கோவம் வரும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடி வாங்குற ஆள நான் பாத்ததில்ல. எடுத்துரவா?"

"அத எடுத்தா மிச்சப் பக்கத்தையும் எடுத்துருங்க பாய்."

பாய் சிரித்தார். வேலை போனால் தெப்ராவில் தனக்குத் தெரிந்த மோட்டார்ப் பட்டறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின மாலை கனகராஜ் மறுபடி வந்தார். இந்தத் தடவை துரையின் ஆளாக. கையில் புதுப் புத்தகம் இருந்தது. பழுது பார்த்த கப்பல் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறது. அய்யாவைத் தவிர வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கத் துரைக்கு மனமில்லை. கொட்டகைச் சாவி அன்றே கிடைக்கும். அச்சுக்கூடத்தில் கிடக்கும் பிரதிகளிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டோரில் பூசையும் கூடாது. கனகராஜ் இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாமி காரியத்தை ஊர் சிரிக்க எழுதியது தனக்கும் பிடிக்கவில்லை என்று சேர்த்துக்கொண்டார்.

அய்யாவு சாவியைப் பார்த்தார். கிராணி அதைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். ஒரு வருஷமாக அந்தச் சாவிக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"கிழிச்சா, இன்னொரு கொட்டகையில இன்னொரு அங்கம்மா அதே இடத்துல பொட்டு வெப்பா. அன்னிக்கு தோள் எலும்போட போகாது," என்றார். "துரை பூசைய நிறுத்துறாரு. நீங்க தப்ப மறைக்கிறீங்க. ஓட்டைய மூடுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தரும் சொல்லலையே, கிராணி."

"அப்ப துரைகிட்ட என்ன சொல்ல?"

"நாளைக்கு ஸ்டோர்ல பூசை. வரச் சொல்லுங்க."

கனகராஜ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கருப்பாயி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அய்யாவு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சத எதுக்குக் கிழிக்கணும்?" என்றாள். பிறகு அவருடைய சாமான் பெட்டியை இழுத்துப் போட்டு, ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். தெப்ராவுக்குப் போனாலும் ஸ்பேனர் வேண்டும்.

மறுநாள் விடியும்போது ஸ்டோர்க் கதவு திறந்திருந்தது. அய்யாவும் அங்கம்மாவும் சேர்ந்து எண்ணெய்க் குழிகளிலும், எஞ்சின் மூச்சு வாங்கும் வாயிலும், ஓட்டை என்று பெயர் சொல்லக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் சிவப்புத் துணி கட்டினார்கள். மிச்ச இரும்பிலெல்லாம் பெண்கள் சந்தனம் வைத்தார்கள். போன வருஷத்தைவிடத் தாராளமாகவே வைத்தார்கள். துடைத்த ஸ்பேனர்களுக்கு நடுவே புதுப் புத்தகம் இருந்தது. அங்கம்மா எழுத்தின்மேல் படாமல் அட்டையின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கற்பூரம் எரிந்து முடிந்தபோது வெளியே துரையின் காடி வந்து நின்றது. பெண்கள் அசையவில்லை. கனகராஜ் மட்டும் வாசலுக்கு ஓடினார்.

அய்யாவு திரும்பிப் பார்க்கவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அங்கம்மாவிடம் கொடுத்தார். அவள் கையில் விரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தப் பெரிய சக்கரத்துக்குப் பின்னால ஒண்ணு விட்டுட்டே, தம்பி," என்றாள். அவர் குனிந்து அதையும் அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு எஞ்சின் தலையை ஊதுவிளக்கால் சூடாக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிவிட்டார். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.